கையில் சிபிஎல் இருக்கிறது, வேலை இல்லை: பறப்புப் பயிற்றுநராக முதல் இடம் தேடும் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு

சிபிஎல் எனப்படும் வணிக விமானி லைசன்ஸ் கைக்கு வந்த கிழமை, கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்ப பிளேன் ஓடப் போறாய்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. அதில் பாதிக் காலம் வீணாகப் போனது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம். உங்களுக்கு அந்த ஏழு மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

நிலைமை இதுதான். 200 மணித்தியாலம் பறந்த அனுபவத்துடன் நிற்கும் ஒருவரைப் பெரிய விமான நிறுவனம் நேரடியாக எடுப்பது அரிது. அடுத்த படியான ஏடிபிஎல் எனப்படும் விமான நிறுவன விமானி லைசன்சுக்கு 1500 மணித்தியாலம் வேண்டும். இடையில் உள்ள அந்த நீண்ட தூரத்தைச் சொந்தக் காசில் பறந்து கடக்க எங்கள் ஊரில் எத்தனை குடும்பத்தால் முடியும்? பயிற்றுநர் வேலை கிடைத்தால் மணித்தியாலமும் சேரும், சம்பளமும் வரும். ஆனால் அந்த வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்கள் மணித்தியாலத்தைப் பார்த்து எடுப்பதில்லை. நீங்கள் சொல்லிக் கொடுப்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு தடவைக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவதற்காகத்தான்.

1. சொல்லிக் கொடுக்கப் பிடிக்குமா என்று முதலில் பாருங்கள்

பயிற்றுநர் ரேட்டிங்குக்கு, அதாவது லைசன்சில் சேர்க்கும் கற்பிக்கும் தகுதிக்கு, காசு கட்டுவதற்கு முன், பக்கத்து வீட்டில் ஏ/எல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் பௌதிகம் சொல்லிக் கொடுங்கள். ஒரே பிழையை அந்தப் பிள்ளை ஐந்தாம் தடவை விடும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா, அல்லது வேறு எப்படிச் சொல்லலாம் என்று யோசனை ஓடுகிறதா என்று கவனியுங்கள். கோபம்தான் வருகிறது என்றால் இந்தக் காசை வேறு ரேட்டிங்கில் போடுங்கள். இதை யோசித்துத்தான் சொல்கிறேன். மணித்தியாலம் சேர்க்க மட்டும் வந்த பயிற்றுநரிடம் படித்த மாணவர்களின் பிழைகளைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்று இப்போது நாள்தோறும் பார்க்கிறேன்.

2. பெயர்: எல்லாப் பத்திரத்திலும் ஒரே எழுத்து

எங்கள் ஆட்களுக்கு அதிகம் இடறும் இடம் இதுதான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் தந்தை பெயர் முன்னால் வரும். கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராகப் போயிருக்கும். ஓ/எல் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். லைசன்சில் வேறு எழுத்துக்கூட்டல். என் பெயரில் வரும் 'சி' ஓர் இடத்தில் 'எஸ்', இன்னோர் இடத்தில் 'எஸ்எச்'. எங்களுக்கு அது ஒரே பெயர். கோப்பைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு அது இரண்டு ஆள்.

ஆகவே முதல் நாள் வேலையாக எல்லாப் பத்திரத்தையும் மேசையில் பரப்பி வைத்து, கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். லைசன்ஸ், மெடிக்கல் சான்றிதழ், பறந்த நேரத்தைப் பதியும் லொக் புக் மூன்றும் கட்டாயம் கடவுச்சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் லைசன்சில் திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள். பழைய பரீட்சைச் சான்றிதழ் போன்ற மாற்ற முடியாதவற்றுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும், ஓ/எல், ஏ/எல் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, லைசன்ஸ், மெடிக்கல், ஆங்கிலத் தேர்ச்சிப் பதிவு, பொலிஸ் சான்றிதழ். இவற்றில் பொலிஸ் சான்றிதழைக் கடைசியாக எடுங்கள். கேட்கும் இடங்கள் அண்மையில் எடுத்ததைத்தான் ஏற்கும். நான் அவசரப்பட்டு முதலிலேயே எடுத்து, பிறகு மறுபடியும் எடுத்தேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெளிநாட்டுக்குப் பத்திரம் அத்தாட்சிப்படுத்தும் கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது. 2025 செப்டெம்பரிலிருந்து கடவுச்சீட்டுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டுக்கும் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை. காலையிலேயே போய்விடுங்கள், மூலப் பத்திரத்தோடு இரண்டு போட்டோ கொப்பியும் கொண்டு போங்கள்.

3. லொக் புக்கை ஒரு கணக்காளர் போலப் பாருங்கள்

என் லொக் புக்கில் 200 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் ரேட்டிங்குக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் அலுவலர் ஒருவர் இரண்டு வரியைக் காட்டிக் கேட்டார். ஒன்றில் 1.30 என்று எழுதியிருந்தது. அது ஒரு மணி முப்பது நிமிடம். அடுத்த பக்கத்தில் 1.3 என்று இருந்தது. அது தசமத்தில் எழுதியது, ஒரு மணி பதினெட்டு நிமிடம். படித்த பள்ளியில் ஒரு பயிற்றுநர் நிமிடத்தில் எழுதச் சொன்னார், இன்னொருவர் தசமத்தில் எழுதச் சொன்னார். நான் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வந்திருந்தேன். திரும்பக் கூட்டியபோது மூன்று மணி நாற்பது நிமிடம் குறைந்தது. அதை நிரப்ப மறுபடியும் விமானம் வாடகைக்கு எடுத்தேன். எங்கள் அம்மா அதற்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தார். இதை எழுதும்போதும் அது நினைவில் குத்துகிறது.

அதனால் சிபிஎல் வந்த கையோடு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் ஒரு விரிதாளில் ஏற்றிக் கூட்டுங்கள். தனியாக விமானத்துக்குப் பொறுப்பாக இருந்த நேரம், பயிற்றுநரோடு பறந்த நேரம், இரவு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறப்பு, தூரப் பறப்பு என்று தனித்தனிக் கூட்டுத்தொகை வேண்டும். பிழை இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, பயிற்றுநரிடம் ஒப்பம் வாங்குங்கள். வெள்ளை மை பூசவே பூசாதீர்கள். பூசிய பக்கத்தைப் பார்ப்பவர் அடுத்த பக்கத்தையும் சந்தேகப்படுவார். ஒவ்வொரு பக்கமும் தலைமைப் பயிற்றுநரின் ஒப்பத்தோடு இருக்கிறதா என்று படித்த பள்ளியை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள். அவர் வேறு நாட்டுக்குப் போன பிறகு அந்த ஒப்பத்துக்கு அலைவது பெரிய பாடு. முழுப் புத்தகத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

4. காலாவதியாகும் விஷயங்கள்

முதல் தர மெடிக்கல், 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் 12 மாதம் செல்லும். வேலை தேடும் காலத்தில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று அதை விட்டுவிடுவோம். பிறகு "நாளைக்கு வர முடியுமா" என்று ஒரு பள்ளி அழைக்கும்போது கையில் செல்லுபடியான மெடிக்கல் இராது. அந்தப் பிழையை மட்டும் விடாதீர்கள். முடிய ஆறு கிழமைக்கு முன்பே நேரம் எடுத்து வையுங்கள். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடிக் காட்டினால் இன்னொரு பரிசோதனை, இன்னொரு பயணம் என்று நாள் இழுபடும். இரவு முழுக்க பஸ்ஸில் இருந்துவிட்டு நேரே மெடிக்கலுக்குப் போகாதீர்கள், முதல் நாளே போய்த் தங்குங்கள்.

ஆங்கிலத் தேர்ச்சி நான்காம் நிலை என்றால் மூன்று வருடத்தில் திரும்பச் சோதனை. ஐந்தாம் நிலைக்கு முயலுங்கள். பயிற்றுநராகப் பேசத்தான் போகிறீர்கள், அதற்கு எடுக்கும் உழைப்பு நேர்முகத்திலும் கைகொடுக்கும். அப்புறம், பயணிகளை ஏற்ற 90 நாளுக்குள் மூன்று புறப்பாடும் மூன்று தரையிறக்கமும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் பறக்கும் காசை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ஆறு மாதம் பறக்காத லொக் புக்கோடு போய் நிற்பது நல்லதல்ல.

5. பயிற்றுநர் ரேட்டிங்: எங்கே, எவ்வளவு

இலங்கையில் பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இரத்மலானை விமான நிலையத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. லைசன்ஸ் கொடுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை கட்டுநாயக்கவில் இருக்கிறது. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் ஓட வேண்டிவரும், கட்டுநாயக்கவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முழுதாகப் போகும். சேர்வதற்கு முன், பறப்பு மணித்தியாலம், வகுப்பு, பரீட்சை என்று அன்றைய நிபந்தனை என்ன என்பதை அதிகார சபையிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்காரர் வாயால் சொல்வதை மட்டும் நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

செலவை ரூபாயில் யோசிக்காமல் மணித்தியாலத்தில் யோசியுங்கள். விமான எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலரில் வருகின்றன. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அப்போது பாதிப் பயிற்சியில் நின்றவர்களின் கதையை அவர்களிடமே கேட்டிருக்கிறேன். ஆகவே கணக்கு இப்படிப் போகட்டும்: பறப்பு மணித்தியாலம், அதோடு நான்கைந்து மணித்தியாலம் கூடுதலாக, பெருக்கல் மணி வாடகை. அதற்கு மேல் பயிற்றுநர் கட்டணம், பரீட்சகர் கட்டணம், பரீட்சை நாள் விமான வாடகை, அதிகார சபைக் கட்டணம், தங்குமிடம். பரீட்சை நாள் வாடகையைப் பலர் மறந்துவிடுவார்கள். விலைமனுவை எழுத்தில் கேளுங்கள், எத்தனை நாளைக்கு அந்த விலை செல்லும் என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள். முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள், ஐந்து ஐந்து மணித்தியாலமாகக் கட்டுங்கள்.

காலத்தையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையில் அடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமுழக்கம். இரத்மலானையில் ஜனவரி முதல் மார்ச் வரை காலை வேளைகள் அருமையானவை. நான் ஜூனில் தொடங்கினேன். இரண்டு மாத வேலை நாலரை மாதமாக இழுபட்டது, அவ்வளவு காலமும் அறை வாடகை ஓடியது.

பயிற்சியில் என்ன கடினம் என்றால், இடப்பக்கக் கதிரையிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறுவதுதான். இதுவரை இடக்கையில் பிடித்த சுக்கானை இப்போது வலக்கையில் பிடிக்க வேண்டும், என்ஜின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் நெம்புகோல் இடக்கைக்கு வரும். கருவிகள் சரிவாகத் தெரியும். ஓடுபாதையின் நடுக்கோடு முதல் பத்து இறக்கத்துக்கு நடுவில் இருப்பதாகவே தெரியாது. இதற்கு மேல், கை செய்வதை வாய் அதே நேரத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நான் வீட்டுக் குசினியில் கதிரையைப் போட்டு, அகப்பையைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அம்மா கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார். அவருக்கு எங்கே விளங்கவில்லையோ அங்கே என் விளக்கம் பிழை என்று குறித்துக்கொண்டேன். இதற்கு ஒரு சதம் செலவில்லை, விமானத்தில் குறைந்தது மூன்று மணித்தியாலம் மிச்சமானது.

6. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மின்னஞ்சல் அனுப்பி இந்த வேலை எடுக்க முடியாது. நான் அனுப்பியவற்றில் பதில் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் "பதிவில் வைத்திருக்கிறோம்" என்று. காரணம் எளிது. ஒரு பள்ளியில் இடம் காலியாவது, மூத்த பயிற்றுநர் ஒருவருக்கு விமான நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்போதுதான். அவர் ஒரு மாத அறிவித்தலில் போய்விடுவார், மாணவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், தலைமைப் பயிற்றுநர் விளம்பரம் போட மாட்டார். வாசலில் நிற்கும், தெரிந்த முகத்தைக் கூப்பிடுவார்.

அந்த வாசலில் நீங்கள் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இரவு பஸ்கள் பல வெள்ளவத்தை வரை போகும். அங்கிருந்து காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் எடுத்தால் இரத்மலானை. வெள்ளவத்தையில் தமிழ்ச் சாப்பாடும் கோயிலும் இருக்கிறது என்று அங்கேயே அறை எடுக்கத் தோன்றும். வாடகை கூட, காலை நெரிசலும் கூட. காலை ஆறரைக்கு விமானத்தைத் தள்ளி வெளியே எடுக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால்தான் பயன். கொழும்பு இந்துக் கல்லூரி இரத்மலானையில் இருப்பதால் அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, போர்டிங் கேட்டுப் பாருங்கள். மூன்று மாத வாடகையும் சாப்பாடும் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

சிங்களம் தெரியாது என்றால் அந்த மூன்று மாதத்தில் பேச்சளவுக்காவது பழகுங்கள். மெக்கானிக் அண்ணாமார்தான் விமானத்தின் உண்மையான நிலைமையைச் சொல்பவர்கள், அவர்களோடு அவர்களின் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் எல்லாம் இலகுவாகும். தமிழ் உங்களுக்குக் குறையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பறப்புக்கு முந்திய விளக்கத்தைத் தமிழில் கொடுக்கக்கூடிய பயிற்றுநர் ஒரு பள்ளிக்குப் பெரிய பலம். அதை விண்ணப்பத்தில் முதல் ஐந்து வரிக்குள் எழுதுங்கள். விமானத்துக்குள் வானொலியில் பேசுவதும் கட்டளைச் சொற்களும் மட்டும் எப்போதும் ஆங்கிலம்தான்.

சும்மா நிற்கவும் கூடாது. தரைப் பாடம் எடுக்கிறேன் என்று கேளுங்கள். வானிலை, வழிநடத்தல், எடைக் கணக்கு எல்லாம் பல பள்ளிகளில் எடுக்க ஆள் இல்லாமல் கிடக்கும். ஆனால் ஒரு எல்லை போடுங்கள். நான் ஓரிடத்தில் நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் தொலைபேசி எடுத்தேன், கட்டணப் பற்றுச்சீட்டு எழுதினேன், மாணவர் விசா வேலை பார்த்தேன். "அடுத்த மாதம் உம்மைப் பறக்க விடுறம்" என்றார்கள். ஒரு தடவைகூட ஒருவரும் நான் பாடம் எடுப்பதைப் பார்க்கவில்லை. கடைசியில் வேறொருவரை எடுத்தார்கள். பாடம் எடுக்க விடும் இடத்தில் இலவசமாக நின்றாலும் பலன் உண்டு, கணக்குக் கொப்பி எழுத வைக்கும் இடத்தில் ஒரு மாதம் போதும்.

7. வெண்பலகை

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும்: லைசன்ஸ், ரேட்டிங், மணித்தியாலப் பிரிவு, மெடிக்கல் முடியும் திகதி, எப்போது வேலை தொடங்கலாம், என்ன மொழிகள், இதற்கு முன் எதைக் கற்பித்தீர்கள். டியூட்டரியில் கற்பித்திருந்தால் அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு எல்லாம் வெண்பலகையில்தான்.

என் முதல் நேர்முகத்தில் தலைமைப் பயிற்றுநர் மார்க்கரைக் கையில் தந்து, "முதலாவது பாடம், சுக்கான்களின் விளைவு, இருபது நிமிடம், நான்தான் மாணவன்" என்று சொல்லி உட்கார்ந்தார். நான் ஏற்றுவிசைச் சமன்பாட்டிலிருந்து தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் பலகை நிறைந்துவிட்டது. அவர் கையைத் தூக்கி, இதை இடப்பக்கம் திருப்பினால் விமானம் என்ன செய்யும் என்று கேட்டார். நான் சமன்பாட்டைக் காட்டினேன். மார்க்கரை வாங்கி மூடி வைத்துவிட்டார்.

அடுத்த இடத்தில் பலகையில் மூன்றே மூன்று கோடு போட்டேன். என் உள்ளங்கையை விமானமாக நீட்டி, மூக்கு மேலே கீழே, செட்டை இடம் வலம், மூக்கு பக்கவாட்டில் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவரையும் கையை நீட்டிச் செய்து காட்டச் சொன்னேன். பிறகு இடப்பக்கம் சரிக்கும்போது மூக்கு முதலில் வலப்பக்கம் ஒதுங்கும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். உயரும் செட்டையில் கீழே இறங்கும் தகடு ஏற்றத்தோடு இழுவையையும் கூட்டுகிறது, அந்த இழுவை மூக்கை அந்தப் பக்கம் இழுக்கிறது, அதைக் காலால் திருத்துகிறோம் என்றேன். "அப்ப மாணவன் காலை வைக்க மறந்தா நீர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்?" என்றார். குண்டுமணி மாதிரி ஓடும் அந்தப் பந்துக் கருவியை வரைந்தேன். அதற்குப் பிறகுதான் என்னோடு பறக்க நேரம் போட்டார்.

ஆகவே முதல் பன்னிரண்டு பாடங்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள்: நோக்கம் ஒரு வரி, ஏன் வேண்டும் என்று இரண்டு வரி, எப்படிச் செய்வது, மாணவர் விடும் மூன்று வழமையான பிழை, பாதுகாப்பு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பில் பயிற்றுநருக்கு உரிய அறிவுப் பட்டியலே இருக்கிறது. மாணவர் பிழையைக் கண்டறிந்து திருத்துவது, கருவி பழுதாவதைப் பாவனை செய்து காட்டுவதில் உள்ள ஆபத்து என்பவை அதில் தனித்தனியாக வருகின்றன. நேர்முகக் கேள்விகள் அங்கிருந்துதான் முளைக்கின்றன.

எடைக் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருங்கள். இரண்டு இருக்கைப் பயிற்சி விமானமான செஸ்னா 152 இல் மொத்த எடை 757 கிலோவைத் தாண்டக்கூடாது. தாங்கி நிறைய எரிபொருள் போட்டால் மிஞ்சுவது ஏறத்தாழ 160 கிலோ, அதற்குள் நீங்கள், மாணவர், இருவரின் பை எல்லாம் அடங்க வேண்டும். விமானத்துக்கு விமானம் இது மாறும். தலைமைப் பயிற்றுநர் 95 கிலோ என்றால், நேர்முகப் பறப்புக்கு முன் அவரிடமே எடையைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர் ஒருவர் அங்கேயே தோற்றதை அவரே எனக்குச் சொன்னார்.

8. கையெழுத்துப் போடுமுன்

சம்பளம் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். என்ஜின் ஓடும் நேரத்துக்கா, வானில் இருக்கும் நேரத்துக்கா? விளக்கம் கொடுக்கும் நேரத்துக்குக் காசு உண்டா? ஒரு மணித்தியாலப் பறப்புக்கு முன்னும் பின்னும் எனக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் போகிறது. மழை மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் உண்டா? இல்லை என்றால் ஜூனில் அறை வாடகைக்கு வீட்டிலிருந்து காசு வர வேண்டியிருக்கும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். "நீங்கள் ஒப்பந்தக்காரர்" என்று சொல்லி இதை விட்டுவிடும் இடங்கள் உண்டு. விமானக் காப்புறுதியில் உங்கள் பெயர் இருக்கிறதா, விபத்தில் முதல் தொகையை யார் கட்டுவது என்பதைக் கட்டாயம் எழுத்தில் பாருங்கள். இத்தனை வருடம் போகக்கூடாது, போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற பிணை வந்தால், தொகை மாதாமாதம் குறையுமா என்று கேளுங்கள்.

"எங்களிடம் ரேட்டிங் செய்தால் வேலை நிச்சயம்" என்று சொல்பவரிடம், அதே வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் அந்த வாக்குறுதியை விலைக்குள் சேர்க்காதீர்கள். வேலைக்காக முற்பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்.

9. வெளிநாட்டு யோசனை

கனடாவில் மாமா, இலண்டனில் சித்தி என்று எல்லோருக்கும் இருப்பதால் இந்தக் கேள்வி வரும். சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் எங்கள் சிபிஎல்லைக் காட்டி வாங்கக்கூடியது தனியார் விமானி நிலைச் சான்றிதழ்தான். பயிற்றுநராக அங்கே வணிகச் சான்றிதழும் கருவி ரேட்டிங்கும் புதிதாக எடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி மாணவருக்கான எம்-1 விசாவில் படித்தால் வேலைக்கான இடம் மிகக் குறுகியது, ஆறு மாதப் பயிற்சிக் காலமே அதிகபட்சம். கல்வி மாணவருக்கான எஃப்-1 விசாவில் ஒரு வருடம் வேலை செய்ய வழி உண்டு. பள்ளி எந்த விசாவுக்குப் பத்திரம் தருகிறது என்று காசு கட்டுமுன் கேளுங்கள். இன்னொன்று, அங்கே சி.எஃப்.ஐ என்றால் சாதாரணப் பயிற்றுநர், எங்கள் பக்கம் அது தலைமைப் பயிற்றுநர். விண்ணப்பத்தில் இதைக் குழப்பி எழுதினால் பொய் சொன்னது போல் ஆகிவிடும்.

கனடாவில் நான்காம் வகுப்புப் பயிற்றுநர் ரேட்டிங்குக்கு 30 மணித்தியாலப் பறப்பும் 25 மணித்தியாலத் தரைப்பாடமும் வேண்டும், முதலில் மூத்தவரின் மேற்பார்வையில்தான் வேலை. அங்கே உறவினர் வீடு இருப்பது தங்குமிடச் செலவைக் குறைக்கும், வேலை அனுமதியைத் தராது. ஐரோப்பிய விதிப்படி போனால் 30 மணித்தியாலப் பறப்பு, 125 மணித்தியால வகுப்பு, அதற்கு முன் ஆறு மாதத்துக்குள் ஒரு நுழைவுப் பறப்புச் சோதனை. எந்த நாடானாலும் உங்கள் லைசன்ஸ் உண்மையானது என்று இங்குள்ள அதிகார சபை உறுதிப்படுத்த வேண்டிவரும். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், அதன் பிறகு விசாவுக்கு.

10. முதல் மாதம்

வேலை கிடைத்ததும் பலரும் செய்யும் பிழை, பறப்பைக் கையில் எடுத்துக்கொள்வது. மாணவர் கொஞ்சம் ஆடினாலே நாங்கள் சுக்கானைப் பிடித்துவிடுவோம். அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை எதையும் உணராது. என் முதல் மாணவர் பருத்தித்துறைப் பக்கத்துத் தம்பி. இறக்கத்தில் தரை நெருங்கும்போது சுக்கானை இரும்புபோல் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், விரல் மூட்டுகள் வெள்ளையாகத் தெரியும். இரண்டு விரலால் மட்டும் பிடிக்கச் சொல்லி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு பென்சிலைக் கொடுத்தேன். பென்சில் விழாமலும் முறியாமலும் இருக்க வேண்டும் என்றேன். மூன்றாம் நாள் அவரது கை தளர்ந்தது.

ஆனால் எப்போது வாங்க வேண்டும் என்பதில் தயக்கம் கூடாது. இடக்கை எரிபொருள் நெம்புகோலுக்குப் பின்னால் தயாராக இருக்கட்டும், மாணவரின் கண்ணில் படாமல். வாங்கும்போது "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், அவர் "யூ ஹாவ் கன்ட்ரோல்" என்று திருப்பிச் சொல்லும் வரை இருவர் கையும் சுக்கானில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தரையில், என்ஜின் ஓடாத விமானத்தில், பத்துத் தடவை செய்து பழக்கிய பிறகுதான் முதல் பறப்புக்குக் கூட்டிப் போங்கள். அன்று மாலையே மாணவரின் பயிற்சிப் பதிவில் என்ன செய்தார், எதில் பிழை, அடுத்து என்ன என்று மூன்று வரி எழுதி ஒப்பமிட்டு, ஒரு படம் எடுத்து உங்கள் கோப்பில் வையுங்கள். அதையும் தசமத்திலா நிமிடத்திலா எழுதுகிறோம் என்று பள்ளியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.